கர்ர்ர்... பிரேக்!

ரெண்டு மாசமா எங்க பழைய பல்சரின் முன் பிரேக்கைப் பிடித்தாலே 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். மழைத்தண்ணி பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (செமஸ்டர் நேரம், கையில் காசில்லை. அது தனிக்கதை.)

போன மாசம் காந்தி ரோட்டில், பின்னால் அப்பா, அவர் மடியில் முதலாளி வீட்டில் கொடுக்க வேண்டிய பட்டுச்சேலை. பூக்காரப் பாட்டி குறுக்கே வந்துவிட்டார். லீவரை முழுசாகப் பிடித்தும் வண்டி அவர் கூடையை இடித்துத்தான் நின்றது. நல்லவேளை, பூ மட்டும்தான் கொட்டியது. அப்பா திட்டவில்லை. "தறியில சத்தம் மாறினா உடனே நிறுத்திப் பாப்போம். நீ ரெண்டு மாசமா பாட்டு மாதிரி கேட்டுட்டு வந்திருக்க" என்றார். திட்டியிருக்கலாம்.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் காலிப்பரைக் கழற்றிக் காட்டினார். பேடில் உராயும் பகுதியே இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. குறைந்தபட்ச கனம் எவ்வளவு இருக்கணும் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறார்கள், அதையும் தாண்டி தேய்ந்தாச்சு. புதுப் பேடு மட்டும் போட்டால் போதாதா என்றேன். "ஏகாம்பரநாதர் தேருக்கு முட்டுக்கட்டை போடறவங்களப் பாத்ததில்ல? கட்டை தேஞ்சா வேற கட்டை எடுப்பாங்க. நீ சக்கரத்தையே குடுத்துட்டியேப்பா!" சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல மடங்கானது.

கூலியை மிச்சம் பிடிக்க, வேலையை என்னையே செய்யச் சொன்னார். டிஸ்க் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கணும். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் தடவியிருக்கும் எண்ணெயைத் துடைக்கணும். பழைய பேடு தூசியை வாயால் ஊதக்கூடாது, நுரையீரலுக்கு ஆகாது. புதுப் பேடு தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளணும், அப்போது மேல் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறி வழியும்.

எல்லாம் மாட்டி, பெருமையாக ஏறி ஸ்டார்ட் செய்தேன். அண்ணன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "லீவரை அமுக்கு."

அமுக்கினேன். ஒரு தடையும் இல்லாமல் கைப்பிடி வரை போய் இடித்தது. பிரேக்கே இல்லை! எதிரே பஸ் போகும் ரோடு. உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொடும்வரை லீவர் காலியாகத்தான் போகுமாம். ஏழெட்டு தடவை அமுக்கிய பிறகே கெட்டியானது. அவர் பிடிக்காமல் விட்டிருந்தால்... அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். எங்களுடையது அதற்கு முந்தியது. இருந்தாலும் தேய்ந்த பேடை ஏபிஎஸ் மட்டும் என்ன செய்யும்? முதல் சில நாள் பேடும் டிஸ்க்கும் பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்டினேன்.

ஒன்று மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும் என்று அண்ணன் சொல்வதற்குள் டேங்க்கில் ரெண்டு சொட்டு விழுந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு ஸ்டிக்கர்.