கும்பிடுபூச்சியின் நிறம்

தமிழ் பயிற்றுவிக்கும் நம்மை விலங்கியல் மாணவர்கள் அழைத்தது, ஆய்வுத் திட்டத்தின் மொழிநடையைத் திருத்தித் தரத்தான். புரியாமல் எப்படித் திருத்துவது என்று மரபியல் நூலொன்றை எடுத்தோம். கீழே வைக்க மனம் வரவில்லை. சடுதிமாற்றம் உடனே விளங்கிற்று: ஏடு பெயர்த்தெழுதியவர் கைதவறிப் பிறந்த பாடபேதம் போன்றது. மற்றவை அத்தனை எளிதாயில்லை. ஐரோப்பியக் கும்பிடுபூச்சியில் ஆணுக்குக் குரோமோசோம்கள் 27, பெண்ணுக்கு 28. ஆணிடம் எக்ஸ் இரண்டு, ஒய் ஒன்று, பெண்ணிடம் எக்ஸ் நான்கு. இந்தக் கணக்கிலேயே இரண்டு நாள் திகைத்து நின்றோம்.

பச்சையையும் பழுப்பையும் இணைசேர்த்து, மெண்டலின் பட்டாணியைப் போல நிறங்களை எண்ணுவது மாணவர்களின் திட்டம். 1904இல் செஸ்னோலா என்பவர் வெளியிட்ட சோதனையை முன்னுரையில் எழுதியிருந்தனர். பட்டுநூலால் புல்லில் கட்டப்பட்ட 110 பூச்சிகளில், பழுப்புப் புல்லில் இருந்த பச்சைப் பூச்சிகள் 25உம் மாண்டன. நிறம் பொருந்தியவை அனைத்தும் பிழைத்தன. நிறம் உயிர்காக்கும், சரி. அது பிறப்பால் மட்டும் வருவதா? தோலுரிக்கும் காலத்து ஈரமும் வெளிச்சமும் நிறத்தை மாற்றுவதுண்டு என்று படித்தபோது, திட்டத்தின் அடித்தளமே ஆடியது. தமிழாசிரியருக்கு இது எதற்கு என்பார்களோ என ஒரு வாரம் தயங்கி, பிறகு சொன்னோம்.

ஒரே முட்டைக்கூட்டின் குஞ்சுகளில் பாதியை ஈரத்திலும் பாதியை வறட்சியிலும் வளர்ப்பதென்று முடிவாயிற்று. தாய் ஒன்றே, நிறம் பிரிந்தால் சூழலைத்தான் கேட்கவேண்டும். குப்பிக்கு ஒரு குஞ்சு. சேர்த்து வைத்தால் உடன்பிறப்பே உணவாகிவிடும். கூடு சன்னலோரம் காத்திருக்கிறது. பழ ஈக்களுக்காக வாழைப்பழத்தை அழுகவிட்டதிலிருந்து, பக்கத்து அறைக்காரர்கள் நம்மோடு பேசுவதில்லை.