நெய் விடாத பருப்பு

பருப்பு என்றாலே மேலே நெய் மிதக்க வேண்டும் என்று பழகிப்போன நாக்கு நம்முடையது. தங்கை மகள் பாலையும் பால் தொட்ட எதையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது, அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை. "நெய்யில்லாமப் பருப்பு எப்படிடி தொண்டையில இறங்கும்?" என்றார். "சூப்பாக் குடிச்சா தானா இறங்கும் பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள் அவள். அந்த சூப் இப்போது எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடாகவே ஆகிவிட்டது.

இதற்கு மைசூர்ப் பருப்புதான் சரி. நம் பக்கம் அதற்கு இரண்டாம் இடம்தான். சாம்பாருக்குத் துவரை, பொங்கலுக்குப் பாசிப்பருப்பு. துவரை விலை ஏறும்போது மட்டும் பலருக்கு மைசூர்ப் பருப்பு ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்திலோ பருப்புக்கறி என்றால் பெரும்பாலும் இதுதான். துருக்கிக்காரர்கள் இதே பருப்பைக் கரைய வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து குடிக்கிறார்கள். தோல் நீக்கியது என்பதால் ஊறவைக்க வேண்டாம். திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். ஆரஞ்சாகப் போட்டது மஞ்சளாக மாறியிருக்கும்.

ஒரு டம்ளர் பருப்புக்கு ஐந்து டம்ளர் தண்ணீர். முதல் கொதியில் வெள்ளை நுரை பொங்கி விளிம்புக்கு வரும். கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டுத் தீயைக் குறைத்து, மஞ்சள்தூளும் கேரட் துண்டுகளும் போடலாம். குக்கர் வேண்டாம் என்பேன். அந்த நுரை விசில் வழியாக மேடையெல்லாம் பீய்ச்சும், துடைப்பது யார்?

நெய் இல்லாத குறையை ஈடுகட்டுவது வெங்காயம். அதில் அவசரம் கூடாது. இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் சீரகம் பொரிந்ததும், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயத்தைப் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நீர் விடும், பிறகு கண்ணாடிபோல் ஆகும், அதற்கும் பிறகுதான் ஓரம் சிவந்து இனிப்பு வாசம் எழும். பலர் கண்ணாடிப் பதத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். சிவக்க விட்டால்தான் சூப்புக்கு உடம்பு வரும். அதன் பிறகு தட்டிய பூண்டு, அது மணத்ததும் தக்காளி.

தக்காளியைப் பருப்போடு சேர்த்து வேகவைக்கக் கூடாது. புளிப்பு பட்டால் பருப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் சீக்கிரம் இளகாது, பருப்பு நறுக்கென்றே நிற்கும். சாம்பாரில் பருப்பு வெந்த பிறகு புளித்தண்ணீரோடு சேர்க்கிறோமே, அதே கணக்கு.

வெந்த பருப்பில் பாதியை மத்தால் கடைந்து, மீதியை அப்படியே விட்டு, வதக்கியதைக் கொட்டி ஒரு கொதி விட்டால் போதும். கெட்டி என்பது பருப்பிலிருந்தே வர வேண்டும். ஓட்டல் சூப்பில் கரண்டியை நிறுத்துவது பெரும்பாலும் சோளமாவு. அதன் மேல் மிதக்கும் வெண்ணெய்க் கட்டி கண்ணை ஏமாற்றத்தான். தேங்காய்ப்பால் விட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது சொதிப் பக்கம் சாய்ந்துவிடும். நான் விடுவதில்லை. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி உண்டு, உப்பும் மிளகும் கடைசியில்.

சத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். இரண்டு கிண்ணம் குடித்தால் இட்லி தேட மாட்டீர்கள். அம்மா இப்போது கேட்பதெல்லாம் இன்னும் கொஞ்சம் மிளகுதான்.

மீந்தால் மறுநாள் கட்டியாகிவிடும். வெந்நீர் விட்டு இளக்குங்கள், அல்லது அப்படியே தோசைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சையை மட்டும் அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள். கொதியில் பிழிந்தால் கசக்கும்.