கம்பத்தில் தொங்கிய ஓலை

ஆற்றை அண்டி வாழும் மக்களை அறிய விரும்பும் பயணிக்கு நகரங்கள் வெறும் முகவுரையே. பாங்கொக்கின் அங்காடிகளைக் கண்டு கம்போடியாவுக்கு வந்த தம்பதியர் இருவர் இதனை அங்கேதான் உணர்ந்தனர். மாரிகாலத்தில் மீகொங் பெருகுகையில் தொன்லே சாப் ஆறு திசைமாறி ஏரியை நோக்கிப் பாய்கின்றது. மிதக்கும் கிராமங்களும் நீரோடு இடம்பெயர்கின்றன.

வியட்நாமில், கான் தோ நகரை அடுத்த காய் ராங் மிதக்கும் சந்தையில், வள்ளங்கள் தாம் விற்கும் பண்டத்தை மூங்கிற் கம்பத்தில் உயர்த்திக் காட்டுகின்றன. அன்னாசி தொங்கினால் அன்னாசி. பூசணி தொங்கினால் பூசணி. ஒரு கம்பத்தில் மாத்திரம் கூரை வேயும் ஓலை தொங்கிற்று. கணவர் ஆவலுடன் படமெடுத்தார். வள்ளமே விற்பனைக்கு என்பது அதன் பொருள் எனப் படகோட்டி விளக்கியதும் மனைவி மௌனமானார். அவ்வள்ளமே அக்குடும்பத்தின் இல்லமுமாகும்.

2010இல் கான் தோவின் பெரும்பாலம் திறக்கப்பட்டது, வீதிகளும் பெருகின, வணிகம் மெல்லக் கரையேறுகின்றது.

"இச்சந்தை அழியக் கூடாது" என்றார் கணவர்.

"யாருக்காக? அவர்களுடைய பிள்ளைகள் கரையிலிருந்து பள்ளிக்கூடம் போகட்டுமே" என்றார் மனைவி.

"கரையில் அவர்களுக்கு நிலம் உண்டா?"

இரு வினாக்களும் நியாயமானவையே. ஆயினும், ஆற்றின் அழகைக் காக்க விழைவோர், அந்த ஓலையைக் கட்டிய கைகளிடமன்றோ முதலில் வினவுதல் வேண்டும்!