வெளியே அமர்ந்தவர்

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கச் சென்றாலும் கால்பந்து வாதத்திற்குத் தப்ப முடியாது. 2025 தொடக்கத்தில் மோகன் பகானைக் குறித்தே பேச்சு. களத்தில் ஒரே நேரத்தில் அயல்நாட்டவர் நால்வரே நிற்கலாம். தடுப்பில் ஆல்ட்ரெட், ஆல்பெர்டோ நிற்க, மெக்லாரன், கம்மிங்ஸ், ஸ்டூவர்ட், பெத்ராதோஸ் நால்வருக்கும் மிஞ்சியவை இரண்டே இடங்கள். முந்தின ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரான பெத்ராதோஸ் பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தார்.

“அவர் காலம் முடிந்தது” என்று நானும் தீர்ப்புரைத்தேன். பள்ளி அணியில் மாற்று வீரனாகவே இருக்கும் என் மகன், பையைப் பிடித்தபடி அருகில் நின்றதை மறந்துபோனேன்.

பிப்ரவரி 23 அன்று சால்ட் லேக் மைதானத்தில், ஒடிசாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய பெத்ராதோஸ் 93ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். அந்த ஒரே கோலினால் லீக் ஷீல்டு உறுதியாயிற்று.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அப்பா, நாளை மார்க்கெட்டுக்கு நானும் வரட்டுமா?” என்றான்.