இரண்டு கட்டளைகள்

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவின் அணிவகுப்பைப் பார்த்து மகிழ்ந்த பெற்றோர்களுக்கு, அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒத்திகையில் நடந்தது தெரிந்திருக்காது. அதை எழுத வேண்டுமா என்று நாங்கள் பலமுறை யோசித்தோம். எழுதாவிட்டால் மனம் ஆறாது என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

மைதானத்தின் நடுவில் நீல அணியும் மஞ்சள் அணியும் குறுக்காகக் கடக்க வேண்டும். மஞ்சள் அணி நிற்க, நீல அணி முன்னே செல்ல வேண்டும். அன்றுதான் முதன்முறையாக மைக்கைப் பிடித்த எங்கள் தோழி, "மஞ்சள் அணி, நில்!" என்பதற்குப் பதிலாக, "நீல அணி, நில்!" என்று சொல்லிவிட்டாள். அதே நொடியில் நீல அணியின் தலைவி, பழக்கப்படி முன்னேறச் சொல்லி விசில் ஊதினாள். மைக்கைக் கேட்டவர்கள் நின்றார்கள். விசிலைக் கேட்டவர்கள் நடந்தார்கள். பின்வரிசை முன்வரிசையின்மேல் மோதியது. கொடிக்கம்புடன் கீழே விழுந்த ஒருத்திக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மைக் பிடித்தவளை நாங்கள் ஒருவரும் திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். நான்கு நாட்கள் அவள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நாங்கள் பார்த்தும் பாராதவர்கள்போல் இருந்தோம்.

ஐந்தாம் நாள் இயற்பியல் வகுப்பு. ஆசிரியை புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கரும்பலகையில் இரண்டு விமானங்களை வரைந்தார்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 31. ஜப்பானில் யைசு என்னும் ஊருக்கருகே, வான்வெளியில் ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள். ஒன்று டோக்கியோவிலிருந்து ஒக்கினாவா நோக்கி மேலேறிக்கொண்டிருந்த 907. மற்றது தென்கொரியாவின் பூசானிலிருந்து நாரிட்டா நோக்கி வந்த 958. இரண்டிலும் சேர்த்து 677 உயிர்கள்! தரையிலிருந்த கட்டுப்பாட்டு அறையில் பயிற்சி பெற்றுவந்த ஒருவர், 958-ஐ இறங்கச் சொல்ல நினைத்து, 907-ஐ இறங்கச் சொல்லிவிட்டார்.

விமானங்களிலேயே மோதலைத் தவிர்க்கும் கருவி ஒன்று உண்டு. அதை 'டிகாஸ்' என்பார்கள். இரு விமானங்களின் கருவிகளும் வானொலி அலைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும். 1996 நவம்பரில் நம் நாட்டில், டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரு விமானங்கள் வானில் மோதி 349 பேர் மாண்ட பிறகுதான், இந்தியா இத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியது.

ஜப்பானில் அன்று கருவி சரியாகவே வேலை செய்தது. 907-ஐ ஏறச் சொன்னது. 958-ஐ இறங்கச் சொன்னது. ஆனால் 907-இன் விமானி, தரையின் கட்டளைப்படி ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்ததால், தொடர்ந்து இறங்கினார். 958 கருவியின் சொற்படி இறங்கியது. இரண்டும் இறங்கின! பதற்றத்தில் மேற்பார்வையாளர், வானத்திலேயே இல்லாத '957'-ஐ இறங்கச் சொன்னார். கடைசி நொடியில், எதிரே மற்ற விமானத்தைக் கண்ட 907-இன் விமானி, தம் விமானத்தை அதற்கும் கீழாகச் செலுத்தினார். இடைவெளி ஏறத்தாழ 135 மீட்டர் என்று பிறகு கணக்கிட்டார்கள். 907-க்குள் இருந்தவர்கள் தூக்கியெறியப்பட்டனர். சுமார் 100 பேர் காயமடைந்தனர். ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"இதில் தவறு யாருடையது?" என்று ஆசிரியை கேட்டார்.

"எண்ணை மாற்றிச் சொன்னவருடையது, மிஸ்!" என்று ஒரே குரலில் கூவினோம்.

"இன்னொன்றையும் கேளுங்கள்" என்றார். 2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இரவு. ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் நெருங்கின. அங்கே யாரும் எண்ணை மாற்றிச் சொல்லவில்லை. ரஷ்ய விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது. தரையிலிருந்தவர் இறங்கச் சொன்னார். விமானி தரையின் சொல்லைக் கேட்டார். சரக்கு விமானமோ தன் கருவியின் சொல்லைக் கேட்டு இறங்கியது. இரண்டும் மோதின. 71 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்காக ஸ்பெயின் சென்றுகொண்டிருந்த, எங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள்.

வகுப்பில் மூச்சுவிடும் ஓசைகூட இல்லை.

"ஜப்பானில் எண்ணை மாற்றிச் சொன்னவரை மட்டும் தண்டித்திருந்தால், இந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்களா?" என்று ஆசிரியை கேட்டார். "இரண்டு கட்டளைகள் முரண்பட்டால் எதைக் கேட்பது? இந்தக் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை உலகம் முழுவதற்கும் வகுக்கப்படவில்லை. அந்த ஜூலையிலேயே ஜப்பானிய விசாரணைக் குழு அதைச் சுட்டிக்காட்டியது. ஆனால் ஊபர்லிங்கன் சில நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. 2003-இல் சர்வதேச விதி தெளிவாயிற்று: கருவி சொன்னால் கருவியையே கேள்."

தவறியவருக்குப் பொறுப்பே இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். உண்டு என்றார் ஆசிரியை. ஜப்பானில் அந்தப் பயிற்சியாளரும் மேற்பார்வையாளரும் குற்றவாளிகளே என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டதாம். "ஆனால் நீதிமன்றத்தின் வேலை வேறு, அடுத்த விபத்தைத் தடுக்கும் வேலை வேறு. இரண்டாவதை யாராவது செய்தீர்களா?"

அவர் எங்கள் ஒத்திகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் எங்களில் ஒருவராலும் தலைநிமிர முடியவில்லை. மைக்கைக் கேட்பதா, விசிலைக் கேட்பதா என்று எங்களுக்குள் ஒருவரும் முன்பே பேசி முடிவு செய்யவில்லையே! அந்தத் தவறு எங்கள் எல்லோருடையதும் அல்லவா? அதை ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, நான்கு நாட்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

அன்று மதியம் எங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனோம். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். கையில் மாவுக்கட்டுடன் வந்திருந்தவள்தான் முதலில் அவள் அருகே உட்கார்ந்து, "என் டப்பாவைத் திறந்து கொடுடி, ஒரு கையால் முடியவில்லை" என்றாள். அவள் திறந்து கொடுத்தாள். பிறகு இருவரும் அழுதார்கள், நாங்களும் அழுதோம்.

மறுநாள் சிஸ்டரின் அனுமதியுடன் ஒரு விதி எழுதி ஒட்டினோம்: 'மைக்கும் விசிலும் முரண்பட்டால் விசிலையே கேள்.' விழா நாளன்று மைக்கில் ஒலித்தது அதே தோழியின் குரல்தான். அன்று ஒரு தவறும் நேரவில்லை. நேர்ந்திருந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.