அப்பாவுக்கு ஒரு சாண்டர்

போன செமஸ்டர் சோதனை முடிந்து வீட்டுக்குப் போனபோது அப்பாவின் வலது மணிக்கட்டில் பழைய சாரத்துணி ஒன்று சுற்றியிருந்தது. கேட்டதற்கு, "சும்மா ஒரு பிடிப்பு" என்றார். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "சும்மாப் பிடிப்பாம். நாலு மாசமாப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அந்த இருமலையும் ஒருக்காக் கேள்."

அப்பா ஓடாவி. கூரை வேலைக்கு வடமராட்சியில் அவரைத் தேடி வருவார்கள். முழங்கால் தேய்ந்த பிறகு ஏணி ஏறுவதை விட்டுவிட்டார். இப்போது வீட்டுக் கோடியில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் திருவலை, மரக்கறி வெட்டும் பலகை, சின்னப் பிள்ளைகளின் கதிரை என்று கைக்கு அடங்கின சாமான்கள் செய்கிறார். ஒரு வெட்டுப்பலகையை அறுத்துச் சீவ அவருக்கு ஒரு மணித்தியாலம் போதும். நாலு மூலையையும் உருட்டி, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி மினுக்கத்தான் அரைநாள். அந்த அரைநாளும் ஒரு கட்டையில் சுற்றின சாண்ட் பேப்பரும் அந்த மணிக்கட்டும்தான்.

ரியூசன் குடுத்துச் சேர்த்த காசு என்னிடம் 65 ஆயிரம் இருந்தது. லப்டொப்புக்கு என்று வைத்தது. மேசையில் பூட்டி வைத்து, மரத்தை அதனிடம் கொண்டுபோய்த் தேய்க்கிற சாண்டர் ஒன்று வாங்குவோம் என்று முடிவெடுத்தேன். கம்பஸில் சொன்னபோது சிரிப்பு. தமிழ் விசேட கலை படிக்கிறவளுக்கு சாண்டர் ஏனாம்.

முதலில் நானும் எல்லாரையும் போல வட்ஸைத்தான் பார்த்தேன். பெரிய மோட்டர், அகலமான பெல்ட், விலை குறைவு என்று மூன்றையும் ஒன்றாகத் தேடி, கடைசியில் ஜப்பானில் இருந்து வந்த பழைய மெஷின் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வார்ப்பிரும்பு உடம்பு, பார்க்க வடிவு. படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை, மோட்டரில ஒட்டியிருக்கிற தகட்டைக் கிட்டவா எடுத்து அனுப்பு." தகட்டில் 100 வோல்ட். எங்கட பிளக்கில் வருவது 230. ஒரு ட்ரான்ஸ்போமரும் வாங்கவேண்டும், அதன் விலையோடு பார்த்தால் புதிதே வாங்கலாம். விட்டுவிட்டேன்.

பிறகு செய்ததுதான் உருப்படியான வேலை என்று நினைக்கிறேன். லீவில் இரண்டு நாள் ஒரு கொப்பியோடு கொட்டிலில் இருந்து, அப்பா எதை எதைத் தேய்க்கிறார் என்று எழுதினேன். கள ஆய்வு என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததை முதல்முதல் பாவித்தது அங்கேதான். அகலமான தட்டை முகங்களை அவர் கிட்டத்தட்டத் தேய்ப்பதே இல்லை, சீவுளியே அதை முடித்துவிடுகிறது. பாடாய்ப் படுத்துவது மூலை வளைவுகளும், பலகையின் குறுக்குவெட்டு முனைகளும், திருவலையின் இடுப்பு மாதிரி உள்ளே வளைகிற இடமும்.

அதோடு தெரிவு தானாகவே ஒடுங்கியது. வெளிவளைவுக்கும் முனைக்கும் சுழல்கிற வட்டத் தட்டு, அதாவது டிஸ்க், போதும். உள்வளைவுக்கு டிஸ்க் உதவாது. பெல்ட் சுற்றி வருகிற முன் உருளையில் பிடித்தால் அது சரிவரும். ஆகவே இரண்டும் சேர்ந்த மெஷின். ஒரு அங்குல அகலப் பெல்ட் உள்ள குட்டிச் சாண்டர்கள் மலிவு, ஆனால் அவை கத்திப்பிடி மாதிரிச் சின்னதுகளுக்குத்தான். 4 அங்குல அகலம், 36 அங்குலச் சுற்றளவுள்ள பெல்ட்டும் 6 அங்குல டிஸ்க்கும் உள்ளது எங்கட வேலைக்குப் பொருந்தியது. டிஸ்க்கில் பாவிக்கிறது பாதி மட்டும்தான் என்பதையும் சொல்லவேண்டும். கீழ்நோக்கிச் சுழல்கிற பக்கத்தில் பிடித்தால் மரத்தை மேசையோடு அமத்தும். மற்றப் பக்கத்தில் பிடித்தால் மரத்தைத் தூக்கி முகத்தில் அடிக்கும்.

கொழும்பில் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். மச்சானையும் துணைக்குக் கூட்டிப்போனது பிழை. கேள்வி கேட்டது முழுக்க நான், கடைக்காரர் மறுமொழி சொன்னது முழுக்க அவனுக்கு. அவன் சட்டத்தரணி ஆகப்போகிறவன், ஆணி அடிக்கத் தெரியாது. மூன்றாவது கடையில் அவனை வெளியே பிளேன்ரீ குடிக்க விட்டுவிட்டு உள்ளே போனேன்.

அங்கே மெஷினைக் கேட்க முதல் பெல்ட்டைக் கேட்டேன். எத்தனை நம்பர் இருக்கு, 80, 120, 180 மூன்றும் வருமா என்று. நல்ல மெஷின் ஒன்று முதல் கடையில் இருந்தது. அதன் பெல்ட் அளவு அந்தக் கடையிலேயே இல்லை, கையில் பிடிக்கிற சாண்டருக்கான சின்னப் பெல்ட்டுகள்தான் தொங்கின. பெல்ட் கிடைக்காத சாண்டரை என்ன செய்வது? பிறகு மேசையைப் பார்த்தேன். டிஸ்க்குக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன மேசை மெல்லிய தகடாக இருந்தால் அமத்தும்போது வளையும், 90 பாகை 90 ஆக இராது. கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். மூலைமட்டம் கேட்டு வாங்கி டிஸ்க்கோடு வைத்துப் பார்த்தபோது கடைக்காரர் முதல்தடவையாக என்னைப் பார்த்து, "மிஸ் என்ன வேலை செய்யுறீங்க?" என்றார். கடைசியாகச் சத்தம். காபன் பிரஷ் உள்ள மோட்டர் கத்துகிறது, இன்டக்‌ஷன் மோட்டர் முணுமுணுக்கிறது. பக்கத்து வீட்டில் ஓ/எல் எடுக்கிற பிள்ளை இருக்கிறது. 370 வட்ஸ் இன்டக்‌ஷன் மோட்டரை எடுத்தேன். 500 வட்ஸ் ஒன்று அதே விலையில் பக்கத்திலேயே இருந்தது.

முழுக்காசையும் மெஷினில் போடவில்லை. காரணம் அந்த இருமல். டிஸ்க் நிமிசத்துக்கு 2,800 தரத்துக்கு மேல் சுழல்கிறது. கையால் தேய்க்கும்போது மடியில் விழுகிற தூள், இதில் காற்றில் நிற்கும். மெஷினோடு வருகிற துணிப்பை பெரிய தூளைப் பிடிக்கும், நுரையீரலுக்குள் போகிற நுண்ணிய தூள் துணியைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதலாம் பிரிவில் சேர்த்திருக்கிறது. மூக்கையும் அதைச் சுற்றின குழிகளையும்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். முதிரை அரிந்த நாட்களில் அப்பாவின் கை தடித்துச் சொறிவது சின்ன வயதிலிருந்து பார்த்தது. அதுவும் அந்த மரத்தின் தூள் செய்கிற வேலை என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். மணிக்கட்டைக் காப்பாற்றப் போய் நெஞ்சைக் கெடுக்கிற மெஷினை நானே காசு குடுத்து வாங்கப் பார்த்தேன்.

ஆகவே மிச்சக் காசில் பாவித்த வக்யூம் ஒன்று, மூடியுள்ள பெயின்ற் வாளி ஒன்று, குழாய், N95 மாஸ்க் ஒரு பெட்டி. தூள் முதலில் வாளிக்குள் சுழன்று விழும், மிச்சம்தான் வக்யூமுக்குப் போகும். கதவடியில் வைக்க அம்மாவின் பழைய மேசைக் காற்றாடி, வெளிப்பக்கம் பார்த்தபடி.

பெட்டியை இரவு பஸ்ஸின் அடியில் போட்டுக்கொண்டு போனேன். கைநூல் இங்கிலிசிலும் சீனத்திலும். நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். பெல்ட் ஒருபக்கம் இழுபட்டு ஓடாமல் நடுவில் ஓடச் செய்கிற திருகுக்கு என்ன தமிழ் சொல்வதென்று நான் முழித்துக்கொண்டிருக்க, அப்பா திருகை அரைச் சுற்றுத் திருப்பிப் பார்த்து, "ஓ, இது நடைதிருத்தி" என்றார். கலைச்சொல் அகராதிகளில் இவ்வளவு நல்ல சொற்கள் அதிகம் இல்லை.

இரண்டாம் நாள் சித்தப்பா கோடாலியோடு வந்தார். "இதில ஒருக்கா இழுத்தா சவரம் செய்யலாம்." நான் குறுக்கே நின்றேன். இரும்பு தீட்டினால் பறக்கிற பொறி மரத்தூள் வாளிக்குள் போகும், பிறகு அது உள்ளுக்குள் கனிந்து நடுச்சாமத்தில் கொட்டில் எரியும். சித்தப்பாவுக்குக் கோபம். "படிச்ச பிள்ளையள் எல்லாத்துக்கும் சட்டம்" என்றுவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் சொல்லாமல் அரத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார்.

அரைநாள் வேலை இப்போது இருபது நிமிசம். கடைசி மினுக்கை மட்டும் இன்னும் கையாலேயே செய்கிறார், மெஷின் விட்டுப்போகிற கீறலைக் கைதான் கண்டுபிடிக்குமாம். மணிக்கட்டுத் துணி போய்விட்டது. இருமல் குறைந்ததா என்று என்னால் சொல்லமுடியாது. மாஸ்க் விசயத்தில் சண்டை ஓயவில்லை. கண்ணாடி புகார் பிடிக்கிறதாம், மூச்சு முட்டுகிறதாம். நான் வீடியோ கோல் எடுத்தால் மட்டும் அது முகத்துக்கு ஏறுகிறது என்று அம்மா போட்டுக்குடுத்துவிட்டா.

நேற்று வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. பின்னால் காற்றாடிச் சத்தம். "பிள்ளை, 120 முடிஞ்சுது. வரேக்க ரெண்டு பெல்ட் வாங்கிக்கொண்டு வா." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "மாஸ்க்கும் ஒரு பெட்டியாம். கொம்மா சொல்லுறா."