டு-லெட்... வௌவால்களுக்கு மட்டும்!

'வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தா, நீயும் தொங்கு நானும் தொங்கு'னு பாட்டிங்க சொல்வாங்களே... கேட்டிருப்பீங்க. அந்தப் பழமொழியில இப்ப ஒரு சின்ன சிக்கல் பாஸ். தொங்க ஆள் ரெடி. வீடுதான் இல்லை!

நம்பலைன்னா கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ரவுண்டு வாங்க. ஓட்டு வீடும் காரை உதிர்ந்த குடோனும் இருந்த இடத்துல எல்லாம் ஷீட் போட்ட ஷெட். இல்லைன்னா வழவழன்னு பட்டி பார்த்த சுவர். கட்டைவிரல் நீளமே இருக்கிற சின்ன வௌவால்கள் குடியிருந்தது ஓட்டுக்கும் கட்டைக்கும் நடுவுல இருந்த சந்துலதான். எலி மாதிரி பத்துப் பன்னிரண்டு குட்டி போடற ஜாதி இல்லை இது. ஒரு தடவைக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. எங்க தெரு முனையில இருந்த குடோனை இடிச்சப்போ, பறக்கத் தெரியாத குட்டிங்க ஓட்டுச் சில்லுக்கு நடுவுல கிடந்துச்சு. அதை வர்ணிக்க எனக்கு மனசில்லை.

நான் படிக்கிறது சிவில். கட்டடத்தால போன வீட்டைக் கட்டடத்தாலயே திருப்பித் தர முடியாதான்னு தேட ஆரம்பிச்சேன்.

முடியும்! அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துப் பாலத்தை 1980-ல புதுப்பிச்சாங்க. கான்க்ரீட் பாளங்களுக்கு நடுவுல குறுகலா, ஆழமா சந்து விழுந்துடுச்சு. யாரும் வௌவாலுக்காகத் திட்டம் போடலை. ஆனா, கோடையில அங்க தங்கற கூட்டம் 15 லட்சம் வரைக்கும் போகுதாம். 'விரட்டு, விரட்டு'னு மனு கொடுத்த அதே ஊர், இப்ப சாயங்காலம் பாலத்து மேல நின்னு வேடிக்கை பார்க்குது. அதே டெக்சாஸ்ல டேவிட் பாம்பெர்கர்னு ஒருத்தர், கம்பி கட்டி, மேல கான்க்ரீட்டைப் பீய்ச்சி அடிச்சு, 1998-ல ஒரு குகையையே கட்டி முடிச்சார். முதல் சில வருஷம் எதிர்பார்த்த கூட்டம் வரலை. ஊரே சிரிச்சுது. அப்புறம் லட்சக்கணக்குல வந்து இறங்குச்சு.

ஆனா, ஃப்ளோரிடாவுல 1929-ல கொசுத் தொல்லைக்காக ஒரு மர கோபுரம் கட்டினாங்க. கடைசி வரைக்கும் ஒரு வௌவால்கூட குடிவரலை. 2017-ல 'இர்மா' புயல் வந்து கோபுரத்தைச் சாய்ச்சிட்டுப் போயிடுச்சு. (நைட்ல தூக்கம் வராதப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வருது!)

நம்ம வீட்டு விஷயத்துக்கு வருவோம். மாடிப்படி ரூமோட கிழக்குச் சுவர்ல ரெண்டு ஆங்கிளைப் பதிச்சோம். அதுக்கு மேல ஃப்ளை ஆஷ் கல்லைக் குத்தலா நிறுத்தி, வரிசைக்கு நாலா ஆறு வரிசை. மொத்தமே 24 கல். சுவருக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு இன்ச் சந்து. அது கோணாம இருக்க, கட்டும்போது ஒரு இன்ச் ரீப்பர் கட்டையைச் செருகி வெச்சு, அப்புறம் உருவிட்டோம். பக்கமும் மேலயும் மூடிட்டு, கீழ மட்டும் திறப்பு. வௌவால் கீழ இருந்துதான் ஏறிப் போகும். எச்சமும் தானா கீழ விழுந்துடும். தரையில இருந்து பன்னிரண்டு அடிக்கு மேல இருக்கணும், டியூப் லைட் வெளிச்சம் படக்கூடாது. மேற்குச் சுவர் நம்ம ஊருக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்துல குட்டிங்க வெந்துடும். மத்தியானத்துக்கு மேல நிழல் விழற சுவரா பார்த்துக்கோங்க.

இதுல பெரிய சண்டை எங்க வந்துச்சு தெரியுமா? பூச்சுல! உள்பக்கம் சொரசொரன்னு இருந்தாத்தான் நகம் பிடிக்கும். அதனால பூசாம, சுவரைக் கொத்தி விடச் சொன்னேன். மேஸ்திரிக்கு முகமே மாறிடுச்சு.

"முப்பது வருஷமா கரணை பிடிக்கிறேன் தம்பி. பூசாத வேலையை என் வேலைன்னு சொல்ல முடியுமா?"

"இதுல குடியிருக்கப் போறவங்களுக்கு அதுதான் மேஸ்திரி மொசைக்!"

சிரிச்சுட்டே கொத்தினார். வெளிப்பக்கம் மட்டும் அவர் இஷ்டத்துக்கு அழகா பூசிக்கிட்டார். அந்தப் பெருமையில நான் கை வைக்கலை.

அடுத்து, அம்மா. "வீட்டுக்கு ஆகாதுடா. கொரோனா, நிபான்னு வேற சொல்றாங்க." பயத்தைக் கிண்டல் பண்ண முடியாது. நிபா கிருமி முக்கியமா இருக்கறது பெரிய பழந்தின்னி வௌவால்கிட்ட. இது பூச்சி தின்னற சின்ன வகை. இருந்தாலும், எந்த வௌவாலையும் வெறுங்கையால தொடாதீங்க. ரேபிஸ் ஆபத்து உண்டு, கடிச்சா உடனே ஊசி. எச்சத்தைக் கூட்டும்போது மூக்கைக் கட்டிக்கோங்க. குடிதண்ணித் தொட்டிக்கு மேல இதைக் கட்டவே கூடாது.

அப்புறம், 'ஒரு மணி நேரத்துல ஆயிரம் கொசுவைத் தின்னுடும்'னு யாராவது அளந்தா நம்பாதீங்க. அது, ரூமுக்குள்ள கொசுவோட அடைச்சு வெச்சுப் பார்த்துட்டுப் பெருக்கிப் போட்ட கணக்கு. வெளியில வண்டு, அந்துப்பூச்சி, கொசுன்னு கிடைச்சதைத் தின்னும். கொசுவர்த்திக்குப் பதிலா கட்டறதா இருந்தா, கட்டவே வேண்டாம்.

கட்டி எட்டு மாசம் ஆச்சு. தினமும் ஆறரை மணிக்கு மொட்டை மாடியில நிக்கிறேன். போன வாரம் ரெண்டு வௌவால் சுவர் ஓரமா நாலஞ்சு தடவை சுத்திட்டுப் போச்சு. உள்ளே நுழையலை. மேஸ்திரி எங்கே பார்த்தாலும் டி.வி.எஸ் 50-ஐ நிறுத்திக் கேட்கறது ஒரே கேள்விதான்: "இன்னா தம்பி, அட்வான்ஸ் குடுத்துட்டாங்களா?"